சனிப்பெயர்ச்சிக்கு ஏன் ரெண்டு தேதி? பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்த வானியலாளர் ரகுநாதாச்சாரி

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். 2023-ல் உங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல சனிப்பெயர்ச்சி பலன் ரெண்டு தடவை வந்துச்சே, கவனிச்சீங்களா?

ஜனவரி 17-ல் ஒரு தடவை, டிசம்பர் 20-ல் இன்னொரு தடவை. அதே சனி, அதே கும்ப ராசி. நடுவுல பதினோரு மாசம் இடைவெளி! முதல் தேதி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. ரெண்டாவது வாக்கியப் பஞ்சாங்கப்படி. திருநள்ளாறு கூட்டம் ரெண்டாவது தேதிக்குத்தான்.

வானத்துல இருக்கிறது ஒரே ஒரு சனி. அது எப்படி ஒரே விஷயத்தை ரெண்டு தடவை பண்ணும்? இந்தக் கேள்வியை 150 வருஷம் முன்னாடி மெட்ராஸ்ல ஒருத்தர் பொது மேடையில பேசினார். பேரு சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தி. ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி என் அப்பத்தாவோட உலக்கையைப் பத்தி ஒரு நிமிஷம் சொல்லணும்.

உலக்கை நின்ன கதை

எங்க அப்பத்தா ஊர் சேவுகம்பட்டி. திண்டுக்கல் மாவட்டம், வத்தலக்குண்டு பக்கம். தை மூணாம் தேதி பெருமாள் கோயில்ல வாழைப்பழத்தைக் கூடை கூடையா சூறை விடுவாங்களே, அந்த ஊர்தான். மேற்கே பார்த்தா மலை. அந்த மலைமேலதான் கொடைக்கானல்.

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல் டவுன் வளையம் தெரியுற பாதையிலேயே இருந்துச்சு. மார்கழிக் குளிர்ல விடியக்காலையிலயே பைக்கை எடுத்துட்டு அங்க போயிட்டேன். ஒரு மைதானத்துல நூறு பேர் இருப்பாங்க, எல்லார் கையிலயும் கிரகணக் கண்ணாடி. ஒன்பதரை மணி வாக்குல சூரியன் ஒரு வளையல் மாதிரி ஆயிடுச்சு. ஒரு புளியமரத்தடியில நிழலைப் பார்த்தேன். இலை இடுக்குல விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் குட்டி வளையம். தரை முழுக்க நூத்துக்கணக்கான சூரியன்.

அந்த ஜோர்ல வீட்டுக்கு வந்தா, வாசல்ல பித்தளைத் தாம்பாளம், அதுல தண்ணி, நடுவுல உலக்கை நேரா நிக்குது. கிரகணம் பிடிச்சா உலக்கை தானா நிக்கும், விட்டா விழுந்துடும்னு நம்பிக்கை. தெருவே நின்னு பார்த்துட்டிருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? இன்ஜினியரிங் படிச்ச திமிர்ல சிரிச்சேன். "எந்த நாள் வெச்சாலும் நிக்கும் அப்பத்தா, இதுக்குப் போய் கூட்டமா?"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அப்பத்தா ஒண்ணும் சொல்லல, உள்ள போயிட்டாங்க. அன்னைக்குப் பூரா என்கிட்ட பேசல.

நான் சொன்னது சரி. ஆனா அன்னைக்கு ஒருத்தர்கூட மனசை மாத்திக்கல.

சரி, இப்ப 1800-களோட மெட்ராஸுக்குப் போவோம்.

ராத்திரி ஷிஃப்ட்

மெட்ராஸ் அப்சர்வேட்டரி நுங்கம்பாக்கத்துல இருந்துச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டினது. கப்பலுக்கும் நில அளவைக்கும் நேரம், இடம் இதெல்லாம் துல்லியமா தெரியணும், அதுக்காக. வானியல் அங்க ராஜாங்க வேலை.

ரகுநாதாச்சாரி இளம் வயசுலயே அங்க வேலைக்குச் சேர்ந்தவர். பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்துல பிறந்தவர். அதாவது திதி, நட்சத்திரம், கிரகணம் எல்லாம் கணக்குப் போடுறது வீட்டுத் தொழில். கீழ் நிலையில சேர்ந்து, 1860-கள்ல 'முதல் உதவியாளர்' ஆனார். அதுக்கு மேல இருந்த தலைமைப் பதவியில அப்ப நார்மன் போக்சன். நட்சத்திர வெளிச்சத்தை அளக்க உலகமே இன்னைக்கும் பயன்படுத்துற அளவுகோல் இருக்கே, அதை 1856-ல் முன்வெச்சவர் இந்தப் போக்சன்தான்.

வேலை என்னன்னா, வடக்கு-தெற்குக் கோட்டுல மட்டுமே அசையுற ஒரு தொலைநோக்கி. உள்ள மெல்லிய கம்பிகள். ஒரு நட்சத்திரம் கம்பியைக் கடக்குற நொடியைக் கடிகாரத்துல குறிக்கணும். அடுத்த நட்சத்திரம். மறுபடி அடுத்தது. 1862-ல் தொடங்கி கால் நூற்றாண்டு இப்படி அளந்ததுல, 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களோட பட்டியல் உருவாச்சு. நம்ம பாஷைல சொன்னா, வருஷக்கணக்கா நைட் ஷிஃப்ட்ல டேட்டா என்ட்ரி. அந்த வேலையில பெரும் பங்கு ரகுநாதாச்சாரியோடது.

அந்தச் சலிப்பூட்டுற வேலைக்கு நடுவுலதான் 1867-ல் ஒரு விஷயம் அவர் கண்ணுல பட்டுச்சு. ரெட்டிகுலம்னு ஒரு தெற்கத்தி விண்மீன் கூட்டம். மெட்ராஸ்ல இருந்து பார்த்தா தெற்குத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலதான் எழும்பும். அதுல ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் மாறிக்கிட்டே இருந்துச்சு. சுமார் ஒன்பது மாசத்துக்கு ஒரு சுற்று. இன்னைக்கு அதுக்குப் பேரு ஆர் ரெட்டிகுலி. நவீனத் தொலைநோக்கி வழியா ஒரு இந்தியர் செஞ்ச முதல் கண்டுபிடிப்புகள்ல ஒண்ணு அது.

அடுத்த வருஷம், 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். ஹீலியம் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த கிரகணம் அது. மெட்ராஸ்ல இருந்து ரெண்டு குழு கிளம்புச்சு. ஒண்ணு போக்சன் தலைமையில மசூலிப்பட்டினத்துக்கு. இன்னொண்ணு ரகுநாதாச்சாரி தலைமையில வனபர்த்திக்கு. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினரா ஏத்துக்கிச்சு. அந்த இடத்துக்குப் போன முதல் சில இந்தியர்கள்ல அவர் ஒருத்தர்.

இதோட கதை முடிஞ்சிருந்தா, ஒரு நல்ல விக்கிப்பீடியா பக்கம். அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அவரோட பகல் நேரக் கதை.

மனப்பாடம் பண்ண டேபிள்

பகல்ல அவர்கிட்ட வந்த பிரச்சினை பஞ்சாங்கம். அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம்.

வாக்கிய முறைங்கிறது ஒரு அபாரமான ஐடியா. சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து, தள்ளிப்போய், மறுபடி கிட்ட வர சுமார் 27.55 நாள். அது ஒன்பது தடவை நடந்தா கிட்டத்தட்ட சரியா 248 நாள். அப்புறம் அதே வரிசை திரும்ப வரும். அதனால 248 நாளுக்கும் சந்திரன் எங்க இருக்கும்னு ஒரே தடவை கணக்குப் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் எழுத்தா மாத்தி, சின்னச் சின்ன சமஸ்கிருத வாக்கியமா ஆக்கிட்டாங்க. மனப்பாடம் பண்ணிட்டா போதும். புரோகிராமர் பாஷைல, லுக்கப் டேபிள். காகிதமே வேண்டாம்.

இதை லேசா நினைக்காதீங்க. 1825-ல் ஜான் வாரன்னு ஒருத்தர் பாண்டிச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்து எழுதியிருக்கார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில சோழியைப் பரப்பி, மனப்பாடமா இருந்த அட்டவணையை வெச்சே ஒரு சந்திர கிரகணத்தைக் கணிச்சார். தொடக்க நேரம் 4 நிமிஷம்தான் பிசகு. ஆனா முடியுற நேரத்துல 52 நிமிஷம் பிசகிடுச்சு.

அந்த 52 நிமிஷம்தான் நம்ம கதை. டேபிளை உருவாக்கினவங்க வானத்தைப் பார்த்து உருவாக்கினாங்க. பின்னாடி வந்தவங்க டேபிளை மட்டும் பார்த்தாங்க. பழைய கேஷ், யாரும் ரிஃப்ரெஷ் பண்ணல. ஒவ்வொரு சுற்றுலயும் மிச்சம் விழுற சின்னப் பிழை நூற்றாண்டுக் கணக்கா சேர்ந்துக்கிட்டே வருது. சந்திரனுக்கு அது சில மணி நேரம். சனி மாதிரி மெதுவா நகர்ற கிரகத்துக்கு மாசக்கணக்கு.

ரகுநாதாச்சாரிக்கு இது நல்லாவே தெரியும். ராத்திரி தொலைநோக்கியில ஒரு வானம், பகல்ல உறவுக்காரங்க கையில இருக்கிற புஸ்தகத்துல இன்னொரு வானம். 'திருக்' கணிதம்னா கண்ணால பார்த்ததோட ஒத்துப்போற கணிதம்னு அர்த்தம். அந்த முறையில பஞ்சாங்கம் போட ஆரம்பிச்சார். மரபுப் பண்டிதர்கள்கிட்ட எதிர்ப்பு வந்துச்சு. வரத்தானே செய்யும்? எந்த நாள்ல விரதம், எந்த நேரத்துல திதின்னு சொல்றது வெறும் கணக்கு இல்ல, அது அதிகாரம், வருமானம். கணக்கு தப்புன்னு சொன்னா அவங்க தாத்தா தப்புன்னு சொல்ற மாதிரி.

1874

1874 ஏப்ரல்ல பச்சையப்பன் மண்டபத்துல ஒரு பொதுச் சொற்பொழிவு. பஞ்சாங்கத்தை வானத்தோட சரிபார்க்கணும், நம்ம ஆளுங்களே பயிற்சி எடுக்க ஒரு அப்சர்வேட்டரி வேணும், பொதுமக்கள் உதவணும்னு பேசினார்.

அதே வருஷம் டிசம்பர் 9-ல் ஒரு அபூர்வ நிகழ்வு இருந்துச்சு. வெள்ளி சூரியனுக்கு முன்னாடி ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி கடந்து போறது. நூற்றாண்டுக்கு ரெண்டு தடவை நடந்தாலே அதிகம். உலகத்தோட வெவ்வேறு மூலையில இருந்து அந்தப் பொட்டோட பாதையை அளந்தா, சூரியன் எவ்வளவு தூரம்னு கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய நாடுகள் கப்பல் கப்பலா குழு அனுப்பின நிகழ்வு அது.

ரகுநாதாச்சாரி அதுக்கு ஒரு சின்ன நூல் எழுதினார். இங்கிலீஷ், கன்னடம், உருதுன்னு பல மொழியில வந்துச்சு. லண்டன் விஞ்ஞானிக்கு அந்த நூல் தேவையே இல்ல. தெருவுல இருக்கிற படிச்ச மனுஷனுக்குத்தான் அது. அதை உரையாடல் வடிவத்துல எழுதினார். ஏன்னு முன்னுரையில அவரே சொல்றார்: இந்த மாதிரி பேச்சு எனக்கும் என்னைப் பார்க்க வர்றவங்களுக்கும் நடுவுல அடிக்கடி நடக்குறதுதான், அதையே வடிவமா எடுத்துக்கிட்டேன்னு.

இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். மேலைநாட்டு முறை தெரியாத ஆளுங்க வந்து கேள்வி கேட்பாங்க, இவர் உட்கார்ந்து பதில் சொல்வார். திரும்பத் திரும்ப. ராத்திரி கண்ணு முழிச்சு நட்சத்திரம் எண்ணிட்டு, பகல்ல அதைப் பண்ணியிருக்கார்!

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். அவரை நம்ம காலத்துப் பகுத்தறிவாளரா ஆக்கிடக் கூடாது. சடங்கே வேண்டாம்னு அவர் சொல்லல. சடங்கு செய்யுறதா இருந்தா சரியான நேரத்துல செய்யுங்கன்னுதான் சொன்னார். கிரகணத்தப்போ மேடை போட்டு இட்லி சாப்பிட்டுக் காட்டுற நிகழ்ச்சி அறுபது வயசு ஆளுக்கும் ஆறு வயசுக் குழந்தைக்கும் பயத்தை உடைக்குது, அதுக்கு அதோட தேவை இருக்கு. ரகுநாதாச்சாரியோட வழி வேற. வீட்டுக்கு உள்ள இருந்தே சன்னலைத் திறக்குறது.

ஜெயிச்சாரா?

1880 பிப்ரவரி 5-ல் இறந்துட்டார். நவீன முறையில பஞ்சாங்கம் கணிக்க 'ஜோதிஷ சிந்தாமணி'ன்னு ஒரு பெரிய நூல் திட்டம் போட்டிருந்தார். அது முடியல. கேட்ட அப்சர்வேட்டரியும் வரல.

ஆனா அந்த வழி நிக்கல. சுதந்திரத்துக்கு அப்புறம் 1952-ல் மேக்நாத் சாஹா தலைமையில நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைஞ்சுது. 1957-ல் இருந்து அரசே வானியல் கணக்குப்படி ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் போடுது. மெட்ராஸ் அப்சர்வேட்டரியோட வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போச்சு. அங்க 1904-ல் இருந்து சூரியனைப் படம் எடுத்துக்கிட்டே இருக்காங்க. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா பாயுறதை அங்கதான் கண்டுபிடிச்சார். எங்க அப்பத்தா வாசல்ல இருந்து பார்த்தா தெரியுற அதே மலைத்தொடர் மேல!

சனிப்பெயர்ச்சிக்கு மட்டும் இன்னும் ரெண்டு தேதி. 2023 டிசம்பர் 20-ல் வாக்கியக் கணக்கு சனியைக் கும்பத்தோட வாசல்ல நிறுத்துச்சு. திருக்கணிதம் கிட்டத்தட்ட 8 டிகிரி உள்ள வெச்சுது. பதினாறு முழுநிலாவை வரிசையா அடுக்குற தூரம். சனி எந்த நட்சத்திரம் பக்கத்துல நிக்குதுன்னு மொட்டைமாடியில இருந்து நீங்களே பார்க்கலாம். அப்புறம் ரெண்டு தேதியுமே உங்க அப்ரைசலைத் தீர்மானிக்காது, அது வேற விஷயம்.

இப்ப உலக்கைக்கு வருவோம். கிரகணம் முடிஞ்சு மூணு வாரம். 2020 தை மூணு, பழச்சூறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அப்பத்தாகிட்ட, "அந்த உலக்கையை இன்னைக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போமா?"ன்னு கேட்டேன். தாம்பாளம், தண்ணி எல்லாம் அவங்கதான் எடுத்து வெச்சாங்க. அடியில இருக்கிற இரும்புப் பூண் தட்டையா இருக்கு, மரம் நேரா இருக்கு. அவங்க கையாலயே நிறுத்தினாங்க. ரெண்டு தடவை சாஞ்சுது. மூணாவது தடவை நின்னுடுச்சு.

கொஞ்ச நேரம் பார்த்துட்டு அப்பத்தா சொன்னாங்க: "இதை அன்னைக்கே இப்படி நிறுத்திக் காட்டியிருந்தா நானே தெருவுக்குச் சொல்லியிருப்பேன்ல? நீதான் சிரிச்சுப்புட்ட."

அடுத்த கிரகணத்துக்கு நான் ஊர்லதான் இருப்பேன். உலக்கையை முந்தின நாளே நிறுத்துறதா அப்பத்தா சொல்லியிருக்காங்க.