விசிட் விசாவில் துபாய் போய் கார் ஓட்டலாமா? லைசென்சு விதிமுறைகள் முழு விவரம்

கீழக்கரை, கடையநல்லூர், கூத்தாநல்லூர் பக்கம் துபாயில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. மகனைப் பார்க்க, அண்ணனைப் பார்க்க என்று விசிட் விசாவில் போகிறவர்களும் அதிகம். போன இடத்தில், "சும்மாதானே இருக்கே, காரை எடுத்துட்டுப் போய் சாமான் வாங்கிட்டு வாயேன்" என்று சாவியை கையில் கொடுப்பதும் நடக்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

நம்ம ஊர் டிரைவிங் லைசென்சை மட்டும் வைத்துக்கொண்டு ஐக்கிய அரபு நாடுகளில் வண்டி ஓட்ட முடியாது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற சில நாட்டு லைசென்சுக்கு அங்கே சலுகை உண்டு. இந்திய லைசென்சு அந்த பட்டியலில் இல்லை. விசிட் விசாவில் போகிறவர்கள் சர்வதேச ஓட்டுனர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஊர் லைசென்சையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

ரூ.1000 கட்டணம்

இந்த அனுமதியை நம் நாட்டில் கொடுப்பது ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். லைசென்சு, பாஸ்போர்ட் நகல்கள், போட்டோ ஆகியவற்றுடன் படிவம் 4ஏ-ல் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய். ஒரு வருடம் செல்லும். அதற்குள் ஊர் லைசென்சு காலாவதி ஆனால் இதுவும் அன்றோடு சரி. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு கிடையாது. ஊர் லைசென்சில் எந்த வண்டிக்கு அனுமதி உண்டோ, அதே வண்டிக்குத்தான் இதிலும் தருவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது காலம் முடிந்துவிட்டால் இந்திய தூதரகம் வழியாக புதுப்பிக்க 2021-ம் ஆண்டு வசதி செய்யப்பட்டது. இன்டர்நெட்டில் "10 வருட சர்வதேச லைசென்சு" என்று விற்கிறார்களே, அது வெறும் அட்டை. போலீசாரிடம் காட்டினால் உள்ள வம்பும் கூடும்.

டிரைவர் வேலைக்கு செல்லாது

"விசிட் விசா போதும், இந்த பர்மிட்டை வாங்கிக்கோ, டிரைவர் வேலை ரெடி" என்று பணம் கறக்கும் ஏஜெண்டுகளிடம் உஷாராக இருக்க வேண்டும். விசிட் விசாவில் எந்த வேலை பார்த்தாலும் அங்கே குற்றம். வேலைக்குப் போய் ரெசிடன்ஸ் விசா அடித்துவிட்டால் இந்த அனுமதி உதவாது. அந்த நாட்டு லைசென்சுதான் எடுக்க வேண்டும். அதற்கு டிரைவிங் ஸ்கூல், டெஸ்ட் என்று கணிசமாக செலவாகும். ஊரில் 20 வருடம் லாரி ஓட்டியவரும் டெஸ்டில் பாஸ் ஆக வேண்டும்.

2025-ம் ஆண்டு மார்ச் 29-ந்தேதி அமலுக்கு வந்த புதிய போக்குவரத்து சட்டப்படி, லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம் முதல் 50 ஆயிரம் திர்ஹாம் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், சில நேரம் இரண்டும் கிடைக்கும். ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கு மேல். கணக்கு போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

அதைவிட பெரியது விபத்து. உயிர் போய்விட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு "தியா" எனப்படும் ரத்தப்பணம் 2 லட்சம் திர்ஹாம். லைசென்சு சரியாக இருந்தால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். இல்லை என்றால், கம்பெனி கொடுத்த பணத்தை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கும். நம்ம பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். வீட்டை விற்றாலும் போதாது.

வலது பக்கம் போ

அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றி வரும் வண்டிகள் இடது கைப்பக்கம் இருந்து வரும். அவர்களுக்கு வழிவிட்ட பிறகே நுழைய வேண்டும். முதல் வாரம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடது ஓர லேன் வேகமாக போகிறவர்களுக்கு. பின்னால் லைட் அடித்தால் ஒதுங்கிவிட வேண்டும், கோபப்பட்டு கையை காட்டக்கூடாது. அசிங்கமான சைகைக்கு கேஸ் உண்டு.

சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகு தாண்டினால் ஆயிரம் திர்ஹாம், 12 கரும்புள்ளி, வண்டியும் 30 நாள் முடக்கம். துபாயில் அந்த வண்டியை மீட்க 50 ஆயிரம் திர்ஹாம் கட்ட வேண்டும் என்று 2023-ம் ஆண்டு உத்தரவு வந்தது. செல்போன் பேசினால் 800. பெல்ட் போடாவிட்டால் 400, பின் சீட்டில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். ஸ்கூல் பஸ் "ஸ்டாப்" பலகையை நீட்டினால் நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரம் திர்ஹாம். 10 வயதுக்கு குறைந்த பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைக்கக்கூடாது. மது ஒரு சொட்டு குடித்திருந்தாலும் ஸ்டீயரிங்கை தொடக்கூடாது.

துபாய் ரோட்டில் "சாலிக்" டோல்கேட் இருக்கிறது. தடுப்பும் இல்லை, பணம் வாங்க ஆளும் இல்லை. மேலே உள்ள மிஷினே கழித்துக்கொள்ளும். வாடகை கார் என்றால் அந்த பணமும், கேமராவில் சிக்கிய அபராதமும் ஊர் திரும்பிய பிறகு கார்டில் இருந்து பிடிக்கப்படலாம்.

வண்டி லேசாக உரசினாலும் "பரவாயில்ல, விடுங்க பாய்" என்று கிளம்பிவிடக்கூடாது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்த ஒர்க்ஷாப்பிலும் டிங்கர் வேலை செய்ய மாட்டார்கள். காயம் பட்டிருந்தால் உடனே 999-க்கு போன் செய்துவிட்டு, போலீசார் வரும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.