பத்தாம் சுற்றில் கிடைத்த கிரீன்வுட்

1969 ஜனவரி கடைசியில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் நடந்தது. 17 சுற்றுகள், 442 பேர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் முதல் சுற்றில் ஜோ கிரீனை எடுத்தது. யார் இந்த ஆள் என்று உள்ளூர்ப் பத்திரிகையே தலைப்பில் கேட்டது. பத்தாவது சுற்றில் 238-வது ஆளாக எல்.சி. கிரீன்வுட்டை எடுத்தபோது அப்படிக் கேட்கக்கூட ஒருவரும் இல்லை. ஆறரை அடி உயரம். படித்தது ஆர்கன்சா மாநிலம் பைன் பிளஃபில் இருந்த கறுப்பினக் கல்லூரி ஒன்றில்.

கிரீன்வுட் ஒரு பாஸ் ரஷ்ஷர். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் பாய்ந்து அவரைச் சாய்ப்பதுதான் பாஸ் ரஷ்ஷரின் வேலை. எதிரே மலை போல நிற்கும் தடுப்பாட்டக்காரரைத் தாண்ட வேண்டும். கிடைப்பதோ மூன்று வினாடிக்கும் குறைவு. அந்த உடம்பும் அந்த வேகமும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் கடைசிச் சுற்றுகளில் கிடைத்த மாவீரர்களுக்கு என்ன விளக்கம்? அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்ற வாரம் பார்த்த டீக்கன் ஜோன்ஸையே எடுத்துக்கொள்வோம். சவுத் கரோலினா மாநிலக் கல்லூரியில் படித்தவர், சம உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையை இழந்தார். அங்கிருந்து மிசிசிப்பியில் ஒரு சிறு கல்லூரிக்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ஆட்கள் வேறு யாரையோ பார்க்கத்தான் அந்தக் கல்லூரி ஆடிய ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டினார்கள். பந்தோடு ஓடுகிறவரை இந்தக் கனத்த தடுப்பாளர் துரத்திப் பிடிப்பது கண்ணில் பட்டது. 1961 டிராஃப்டில் 14-வது சுற்றில் எடுத்தார்கள். குவாட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்ற பெயர் நிலைத்ததே அவரால்தான். ராம்ஸுக்கு அவர் கிடைத்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தற்செயல் தேவைப்பட்டதற்குக் காரணம், கறுப்பினக் கல்லூரிகளின் மைதானங்களைப் பெரும்பாலான அணிகள் எட்டியும் பார்க்காததுதான்.

ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அணிக்காரர் அல்ல, பத்திரிகையாளர். பெயர் பில் நன். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே செல்வாக்குப் பெற்ற ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ வார இதழில் விளையாட்டுப் பகுதி அவருடையது. 1950 முதல் ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களைத் தேர்ந்து பட்டியல் வெளியிட்டார். அதற்காகத் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றினார். பயிற்சியாளர்கள் அவரை வீட்டு மனிதராக நடத்தினார்கள். வேற்றூர் அணிகள் அவரிடம் விவரம் கேட்கும். சொந்த ஊர் ஸ்டீலர்ஸ் கண்டுகொள்ளாது. அந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. அது அணி உரிமையாளரின் மகன் டான் ரூனியின் காதுக்கு எட்டியது. கோபித்துக்கொள்ளாமல், எங்களிடமே வேலைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாரே, அந்தப் பெருந்தன்மைதான் இந்தக் கதையின் திருப்பம். நன் முதலில் பகுதி நேரமாகச் சேர்ந்தார், பிறகு முழு நேரமாக.

அவர் வேலை செய்த விதத்துக்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1974 டிராஃப்டுக்கு முன்னால் அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற வீரரின் ஓட்டத்தைப் பல அணிகளின் ஆட்கள் கடிகாரம் வைத்து அளந்தார்கள். தரை ஈரம், நேரம் சுமாராகத்தான் வந்தது. மற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டு, மறுநாள் காய்ந்த தரையில் அதே வீரரைத் திரும்ப ஓடவிட்டார். நேரம் நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்டால்வொர்த் பந்து பிடிக்கும் வீரர், நம் வகை அல்ல. ஆனால் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர் இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறார்.

நன்னின் தேடலில் கிடைத்த கிரீன்வுட்டுக்குப் பிறகு 1971-ல் டுவைட் ஒயிட் நான்காம் சுற்றில் வந்தார். அதே ஆண்டு எட்டாம் சுற்றில் எர்னி ஹோம்ஸ், ஹூஸ்டனில் உள்ள டெக்சஸ் சதர்ன் என்ற கறுப்பினக் கல்லூரியிலிருந்து. ஜோ கிரீனோடு இவர்கள் மூவரும் சேர்ந்த முன்வரிசைதான் ‘எஃகுத் திரை’. நால்வரில் மூவர் பின் சுற்றுக்காரர்கள்!

1975 ஜனவரி 12, நியூ ஆர்லியன்ஸ், ஒன்பதாவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். எதிரணி மினசோட்டா வைக்கிங்ஸ். ஒயிட்டுக்கு நிமோனியா, அந்த வாரத்தில் சுமார் 8 கிலோ இளைத்து, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நேராக ஆட வந்தார். இரண்டாம் கால் பகுதியில் வைக்கிங்ஸ் பந்தைக் கைநழுவவிட, அது உருண்டு அவர்களது எல்லைக்கோட்டைத் தாண்டியது. குவாட்டர்பேக் ஃபிரான் டார்கென்டன் ஓடிப்போய் அதன்மேல் விழுந்தார். எழுவதற்குள் ஒயிட் வந்துவிட்டார். இரண்டு புள்ளி. இடைவேளையின்போது பலகையில் இருந்ததும் அந்த 2-0 மட்டும்தான். கிரீன்வுட் தன் நீண்ட கைகளால் டார்கென்டனின் பாஸ்களைத் தட்டித் தட்டி விட்டார். வைக்கிங்ஸ் அன்று முழுக்கப் பந்தோடு ஓடிக் கடந்தது வெறும் 17 கெஜம். ஆட்டம் 16-6. அடுத்த ஐந்தாண்டுகளில் மேலும் மூன்று கோப்பைகள்.

சாக் எண்ணிக்கையை லீக் அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியது 1982-ல். கிரீன்வுட் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். புகழ் மண்டபத்தின் இறுதிப் பட்டியலுக்குப் பலமுறை வந்தும் அவருக்கு இடம் தரப்படவில்லை, 2013-ல் காலமானார். இது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். நன்னுக்கு 2021-ல் அந்தக் கௌரவம் கிடைத்தது, அவர் மறைந்து ஏழாண்டு கழித்து.

1994 முதல் டிராஃப்ட் ஏழு சுற்றுகளோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் சுற்று இன்று கிடையாது. ஆனாலும் 2003-ல், நன் தங்கிப் பார்த்த அதே அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியிலிருந்து ராபர்ட் மாதிஸ் என்பவர் ஐந்தாம் சுற்றுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தார். உயரம் போதாது என்றார்கள். இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது. அவர் கணக்கில் சேர்ந்த சாக்குகள் 123.

அடுத்த வாரம்: 1983-ல் எட்டாம் சுற்றில் சிகாகோ எடுத்த ரிச்சர்ட் டென்ட்டும், அவருடைய பல்வலியும்.

(தொடரும்)