1453க்கு முன்பே விரிந்த பாய்கள்: போர்ச்சுகீசியக் கடற்பயணங்களின் காரணங்களும் விளைவுகளும்

முன்னுரை

1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். கீழை நாடுகளுக்கான தரைவழி அடைபட்டது. ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டனர். பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு இந்த விடை மனப்பாடம். காரணமும் விளைவும் ஒரே வரியில் அடங்கிவிடுவதால் அது எளிதில் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இந்த விளக்கம் நிலைகொள்வதில்லை. போர்ச்சுகலின் கடல்முயற்சி 1453க்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்கத் தங்கம், அடிமை வணிகம், கரும்பு, சிலுவைப்போர் வேட்கை ஆகியவையே அதைத் தொடக்கத்தில் இயக்கின. இந்தியா பிற்பாடு வந்து சேர்ந்த இலக்கு. இதை நிறுவுவதும், இந்த உண்மை விளைவுகளை எப்படி விளக்குகிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1453 என்னும் விளக்கம்

1415 ஆகஸ்டில் போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜான் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா துறைமுகத்தைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இளவரசர் ஹென்றியும் அப்போரில் பங்கேற்றார். 1420களில் மதெய்ராத் தீவில் குடியேற்றம் நடந்தது. 1434இல் கில் எயானிஷ், சகாராக் கரையிலுள்ள பொஜதோர் முனையைக் கடந்து திரும்பினார். இவை அனைத்தும் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்வதற்கு முந்தியவை.

மிளகு வணிகத்தின் வழியைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். மலபார் மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குச் சென்றது. அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்கள் அதை வாங்கினர். எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. துருக்கியர் அதை வென்றது 1517இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்து அப்போது 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் லைபயர் 1915இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். துருக்கியர் ஆட்சியின்கீழ், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செங்கடல் வழி மிளகு வணிகம் மீண்டும் செழித்ததைப் பின்னர் ஃப்ரெடெரிக் லேன் வெளிக்கொணர்ந்தார்.

1453க்குப் பங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. கருங்கடல் வணிகம் நலிந்தபோது ஜெனோவா வணிகர்களின் முதலீடு மேற்கே ஐபீரியத் துறைமுகங்களை நோக்கி மேலும் திரும்பியது. ஆயினும் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த முயற்சிக்கு வலுச்சேர்த்த காரணியே தவிர, அதைத் தொடங்கிவைத்தது அன்று.

தங்கம், அடிமைகள், குத்தகை

சகாராப் பாலைவனத்தைக் கடந்து ஒட்டகங்களில் வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தின் ஊற்றைக் கடல்வழியே எட்டிப் பிடிப்பதுதான் போர்ச்சுகலின் முதல் கனவு. அதற்கு முன்பே வேறொரு வருவாய் கைக்கு வந்தது. 1441இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து முதல் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஷ் நகரில் 235 பேர் ஒரே நாளில் பங்கிடப்பட்டனர். இளவரசரின் வரலாற்றை எழுதிய சுராரா அக்காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். தந்தையர் ஒரு பங்கிலும் பிள்ளைகள் இன்னொரு பங்கிலும் சேர்க்கப்பட்டனர். தாய்மார் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தனர். குதிரைமேல் அமர்ந்திருந்த ஹென்றிக்கு ஐந்தில் ஒரு பங்காக 46 பேர் கிடைத்தனர். கண்டுபிடிப்புகளின் நாயகராகப் போற்றப்படும் இளவரசரின் பெருமையை அந்த நாளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இத்தொழிலுக்குச் சமய அங்கீகாரமும் கிடைத்தது. 1455இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் விடுத்த ஆணை, ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுகலுக்குத் தனியுரிமை அளித்து, பிற சமயத்தவரை அடிமைப்படுத்தவும் அனுமதித்தது. 1457 முதல் ஆப்பிரிக்கத் தங்கத்தில் குருசாதோ நாணயம் அச்சிடப்பட்டது. 1469இல் கினி வணிகத்தை ஃபெர்னாவ் கோமிஷ் என்னும் லிஸ்பன் வணிகர் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டுக்கு 200,000 ரெய்ஸ் கட்ட வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் 100 லீக் தொலைவுக்குப் புதிய கரையைக் கண்டறிய வேண்டும் என்பன நிபந்தனைகள். ஆராய்ச்சிப் பயணம் வணிக ஒப்பந்தத்தின் ஒரு விதியாகவே எழுதப்பட்டதை இங்கே காண்கிறோம். 1482இல் கினிக் கரையில் எல்மினாக் கோட்டை எழுந்தபோது தங்க வணிகத்தின் மீது அரசின் நேரடிப் பிடி இறுகியது.

காற்றைக் கற்ற கதை

ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே செல்வது எளிது; காற்றும் நீரோட்டமும் துணைநிற்கும். அதே காரணத்தால் திரும்புவது கடினம். காற்றை எதிர்த்துச் செல்லவல்ல முக்கோணப் பாய் கட்டிய கரவெல் கப்பல் ஓரளவு உதவியது. முழுத் தீர்வு கரையை விட்டு விலகுவதில் இருந்தது. வீடு திரும்ப வேண்டியவர்கள் முதலில் வடமேற்காக நடுக்கடலுக்குள் செல்வர். அசோர்ஸ் தீவுகளின் அருகே மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து லிஸ்பனை அடைவர். பல பயணங்களில் கற்ற இந்தப் பாடமே பிற்காலப் பெரும்பயணங்களுக்கு அடித்தளம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே துருவ நட்சத்திரம் தெரியாது என்பதால், சூரியனை வைத்து அட்சரேகை கணிக்கும் முறையும் உருவானது. யூத வானியலாளர் ஆபிரகாம் சக்கூத்தோவின் அட்டவணைகள் அதற்கு உதவின.

இந்தியாவை அடையும் திட்டம் தெளிவான உருப்பெற்றது இரண்டாம் ஜான் காலத்தில்தான். 1487இல் பேரோ ட கொவில்யாவ் தரைவழியாக அனுப்பப்பட்டு மலபார் துறைமுகங்களைக் கண்டார். 1488இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பினார். 1497 ஜூலையில் நான்கு கப்பல்களுடன் புறப்பட்ட காமா, மாலிந்தியில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டியின் உதவியால் 23 நாட்களில் அரபிக்கடலைக் கடந்து, 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார். பருவக்காற்றைப் பொருட்படுத்தாமல் திரும்பியபோது அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. ஸ்கர்வி நோயில் பலர் மடிந்தனர். ஓட்ட ஆள் போதாமல் ஒரு கப்பலை அவர்களே எரித்தனர். இந்தியப் பெருங்கடலின் அறிவு இங்குள்ள மாலுமிகளிடம் தலைமுறைகளாக இருந்தது என்பதற்கு இந்த இரு பயணங்களே சான்று.

விளைவுகள்

போர்ச்சுகீசியரிடம் இந்திய வணிகர் விரும்பும் சரக்கு அதிகமில்லை; பீரங்கி இருந்தது. 1500இல் போர்ச்சுகீசியத் தளபதி கப்ரால் கோழிக்கோட்டைக் குண்டுவீசித் தாக்கினார். கோவா 1510இலும் மலாக்கா 1511இலும் ஹோர்முஸ் 1515இலும் வீழ்ந்தன. அதுவரை வணிகர்கள் துறைமுகத்தில் சுங்கம் செலுத்தினர். இனிக் கடலில் செல்வதற்கே கர்த்தாஸ் என்னும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. சீட்டில்லாத கப்பல் சரக்கோடு பறிமுதலாகும். ஆப்பிரிக்கக் கரையில் பழகிய தனியுரிமையையே அவர்கள் இங்கும் நிறுவ முயன்றனர்.

தமிழகக் கரையிலும் இதன் தாக்கம் ஆழமானது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் எதிரிகளிடமிருந்து பாதுகாப்பு வேண்டி 1530களில் கிறித்தவம் தழுவினர். நாகப்பட்டினமும் மயிலாப்பூரும் போர்ச்சுகீசிய வணிகர்களின் குடியிருப்புகளாயின. 1578இல் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் நம் சமையலையே மாற்றியது.

அட்லாண்டிக்கில் விளைவு இன்னும் கொடியது. மதெய்ராவின் கரும்புத் தோட்டங்களில் தொடங்கிய அடிமை உழைப்பு பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் பரவியது. அடுத்த நூற்றாண்டுகளில் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை சேரவில்லை.

முடிவுரை

1453ஐ முதற்காரணமாக வைக்கும்போது, வழியடைபட்ட ஐரோப்பியர் வேறு வழியின்றிக் கடலில் இறங்கியதாக ஒரு தோற்றம் உருவாகிறது. சியூட்டா, லாகோஷ், எல்மினா ஆகிய படிகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் அடிமை வணிகத்தைப் பிற்காலத்தில் நேர்ந்த பிறழ்வாகக் கருத முடியாது என்பதும், தொடக்கத்திலிருந்தே அது இம்முயற்சிக்குப் பொருள் ஈட்டித் தந்தது என்பதும் புலப்படும். பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் இந்தப் பாடத்தை 1415இலிருந்து தொடங்க வேண்டும்; 1498க்குத் தரும் இடத்தை 1444க்கும் தர வேண்டும்.