இரு துறைமுகங்களும் ஒரு மருந்தும்

1942 ஏப்ரில் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. எச்சரிக்கை முன்னரே கிடைத்தமையாற் பெரும்பாலான கப்பல்கள் முதல் நாளிரவே கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவ்வாறு சென்ற ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. எனினும், கப்பல்கள் நெருங்கி நின்ற துறைமுகத்தில் நேர்ந்திருக்கக்கூடிய பேரழிவு தவிர்ந்தது.

இத்தாலியின் பாரித் துறைமுகத்திற்கு அந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1943 டிசெம்பர் 2 ஆந் திகதி இரவு, அங்கே செறிந்து நின்ற கப்பல்கள்மீது செர்மானியர் குண்டு வீசினர். அவற்றுள் ஒன்றாகிய ‘யோன் ஹாவி’ கடுகுவாயுக் குண்டுகளை மறைவாகச் சுமந்து வந்திருந்தது. காயமுற்றோரை ஏற்ற மருத்துவர்க்கும் அது தெரிவிக்கப்படவில்லை. எண்பதுக்கு மேற்பட்ட போர்வீரரும் மாலுமிகளும் அந்நஞ்சினால் மாண்டனர். அவர்தம் குருதியில் வெண்குழியங்கள் அருகிப் போயிருந்தமையை ஸ்ருவேட் அலெக்சாந்தர் என்னும் அமெரிக்க மருத்துவர் குறித்து வைத்தார்.

நிணநீர்ப் புற்றுக்கான மருந்து இந்நிகழ்ச்சியினின்றே பிறந்ததென எழுதுவோர் பலர். காலக்கணக்கு அதற்கு இடந்தராது. கடுகுவாயுவின் இனமாகிய நைதரசன் கடுகை, யேல் பல்கலைக்கழகத்திற் கில்மனும் குட்மனும் ஆராய்ந்து வந்தனர்; 1942 இலேயே அது ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டுவிட்டது. போர்க்கால இரகசியமாதலின் உலகம் அதனை 1946 இலேயே அறிந்தது.

கட்டிகள் கரைந்தன, ஆயின் விரைவில் மீண்டும் வளர்ந்தன. 1964 இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டெவிற்றா குழுவினர் நைதரசன் கடுகுடன் வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாயினர். அவற்றுள் ஒன்று, ஈழத்து முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூச் செடியினின்று பெறப்படுவது. முற்றிய ஹொட்ச்கின் நோயாளருட் பாதியளவினர் நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தனர்.

வாழ்ந்தமையாலேயே மற்றொரு கேடு வெளிப்பட்டது. முதல் நோய் நீங்கி நடமாடியோருட் சிலர்க்குச் சில ஆண்டுகளின் பின் குருதிப் புற்று எழுந்ததனை 1970 களில் மருத்துவர் கண்டனர். புற்றுக்கலத்தின் மரபுப் பொருளைச் சிதைத்துக் கொல்லும் அம்மருந்தே, என்புமச்சையின் நற்கலங்களிற் சிலவற்றைக் கொல்லாது வடுப்படுத்தி விட்டிருந்தது. இத்தகைய நோயாளரிடம் 5 ஆம் அல்லது 7 ஆம் நிறமூர்த்தம் முழுமையாகவோ பகுதியாகவோ இழக்கப்பட்டிருத்தல் பெரிதுங் காணப்படும். இந்த இரண்டாம் புற்று சிகிச்சைக்கு எளிதில் இணங்குவதன்று.

உயிர்காத்த மருந்தைக் கைவிடுதல் எளிய முடிபன்று. மிலான் நகரத்துப் போனடோனா 1970 களில் நைதரசன் கடுகு சேராத வேறொரு நான்மருந்துக் கூட்டை வகுத்தார். குணப்படுத்துவதில் அது பழையதற்குக் குறைந்ததன்று என 1992 இல் வெளியான ஒப்பாய்வு காட்டிற்று. குருதிப் புற்றும் மிக அருகிற்று. ஆயினும் அக்கூட்டின் ஒரு மருந்து இதயத்தையும் மற்றொன்று நுரையீரலையும் ஊறுபடுத்த வல்லது. பட்டிப்பூவின் வேறொரு சத்து அதிலும் இடம்பெற்றுள்ளது.