சுண்ணாம்பா, தானே தூய்மையாகும் வெள்ளை சிமெண்டா? புதுச்சேரிச் சுவர்களுக்கு ஓர் ஒப்பாய்வு

புதுச்சேரியில் வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே வைத்திருப்பது பெரும்பாடு. உப்புக்காற்று ஓயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி படர்ந்து, தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கறுக்கும். போதாததற்கு வாகனப் புகை. இதற்கு இந்த ஊர் நெடுநாளாக அறிந்த தீர்வு சுண்ணாம்பு. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை சிமெண்ட் புதிய தீர்வு.

பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகள் செங்கல்லால் எழுப்பிச் சுண்ணாம்புக் காரை பூசியவை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும். புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பாசி பிடிக்காது. ஆனால் இறுக இறுக அந்தக் காரம் தணிந்துவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு, பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

புதிய சிமெண்டில் சுவரைத் தூய்மையாக வைக்கும் வேலையை வெயில் செய்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் புற ஊதாக் கதிர் படும்போது புகைக்கரி, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி போன்ற கரிமப் பொருள்கள் மெல்லச் சிதைகின்றன. மழைநீரும் துளித்துளியாக நிற்காமல் படலமாகப் பரவி, தளர்ந்த அழுக்கை இழுத்துச் செல்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு இதில் செலவாவதில்லை. ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 2003இல் ரோமில் திறக்கப்பட்ட தேவாலயத்தின் வளைந்த மூன்று வெண் சுவர்கள் இத்தாலிசெமெண்டி நிறுவனத்தின் இத்தகைய ஒளிவினைச் சிமெண்டால் ஆனவை. அவற்றிலும் பின்னாளில் நிறமாற்றம் தெரிந்தது.

இங்கே சிக்கல் கூடுதல். ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அடுத்து வரும் மாதங்களில் வெயில் உண்டு, கழுவ மழை இல்லை. தெருப்புழுதியும் உப்பும் கனிமங்கள். ஒளியால் அவற்றைச் சிதைக்க முடியாது. குறுகிய சந்துகளின் நிழல் விழும் சுவருக்குப் போதிய கதிரும் எட்டாது.

பழைய சுவரில் புதிய சிமெண்டைப் பூசினால் சேதமே மிஞ்சும். சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சோ அதைத் தடுக்கும். உள்ளே அடைபட்ட ஈரத்தின் உப்பு படிகமாகி, பூச்சைப் பெயர்த்துச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே சுவர் அழியும்.

ஆகவே பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பே தகும். வெயிலும் மழையும் நேரே படும் புதிய கான்கிரீட் முகப்புக்குப் புதிய சிமெண்டைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் சன்னல் விளிம்பிலிருந்து தண்ணீர் சுவரில் வழியாமல் விலகிச் சொட்டும்படி கட்ட வேண்டும். கான்கிரீட் இந்த ஊருக்குப் புதிதல்ல. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, எந்த ஒளிவினைச் சிமெண்டும் இல்லாமல் இன்றும் பொலிகிறது. அன்றாடப் பராமரிப்பே அதற்குக் காரணம். எந்தச் சிமெண்டை வாங்கினாலும் பராமரிப்புச் செலவையும் கணக்கில் சேர்த்தே வீடு கட்ட வேண்டும்.