மலையேறியின் மூன்று கையுறைகள்

1953 மே 29 அதிகாலையில், எவரெஸ்ட்டின் தென்கிழக்கு முகட்டில் 27,900 அடி உயரத்தில் நின்ற ஒரு சிறு கூடாரத்துக்குள் வெப்பமானி மைனஸ் 27 டிகிரி செல்சியஸ் காட்டியது. இரவில் கழற்றி வைத்த எட்மண்ட் ஹில்லாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. அதை அடுப்பின் தீயில் வாட்டி இளக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆறரை மணிக்கு அவரும் டென்சிங் நோர்கேயும் வெளியே வருவதற்குச் சற்று முன், கைகளில் மூன்று சோடி உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். முதலில் பட்டு, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேலே காற்றுப் புகாத துணி. இந்த வரிசையைப் பயண நூல்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனக்கு அந்த ஒரு வரி மிக முக்கியமாகப் படுகிறது. பனிமலைக்குப் போகிறவர் இன்று கடையில் முதலில் கேட்பது, நடக்கவும் ஏறவும் சறுக்கவும் கயிறு பிடிக்கவும் உதவும்படி 'எல்லாத்துக்கும் ஒரே கையுறை' இருக்கிறதா என்பதுதான். நூறாண்டு மலையேற்ற வரலாறு அந்தக் கேள்விக்கு வேறுவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. எல்லா வேலைக்கும் ஈடுகொடுத்தது பிரித்து மாட்டக்கூடிய ஒரு தொகுப்பு. அந்தத் தொகுப்பை இயங்க வைத்தது தோலோடு ஒட்டிக் கிடந்த மெல்லிய முதல் உறை.

அந்த முதல் உறையின் நார் ஆரணிப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது. விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும், குன்றின்மேல் கனககிரீசுவரர் கோயிலும் உள்ள, ஆரணிப் பக்கத்துத் தேவிகாபுரத்தில் பட்டுச்சேலைத் தறிகள் ஓடுகின்றன. கச்சாப் பட்டைச் சாயத்தில் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அதில் நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுகிற நார் பத்து முதல் பதின்மூன்று மைக்ரான் தடிமன் கொண்டது. மெல்லியது என்று பெயர் வாங்கிய மெரினோ கம்பளியே பெரும்பாலும் பதினெட்டு மைக்ரானுக்குக் குறையாது. பட்டு இவ்வளவு மெல்லியதாக இருந்தும் இழுவைக்குத் தாங்கும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் தன் எடையில் 11 சதவீத நீரைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பளிக்கு அந்த அளவு 16, பருத்திக்கு எட்டரை, பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. சேலையாக உடுத்தும்போது பட்டு உடம்புக்கு இதமாக இருப்பதற்கும், உறையாக மாட்டும்போது விரல் வியர்வையில் பிசுபிசுக்காமல் இருப்பதற்கும் இந்தக் குணமே காரணம். கையுறைக்கு இதைவிடப் பெரிய லாபம் மெலிவு. பட்டு உறை மாட்டிய விரலால் கொக்கியைப் பூட்டலாம், வால்வைத் திருகலாம், கேமராவின் பொத்தானை அழுத்தலாம். உறைபனியில் வெறும் தோல் உலோகத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இடையில் காகிதத் தடிமனுக்கு ஒரு துணி இருந்தால் அந்த ஆபத்து நீங்கும்.

பட்டு மலைக்குப் போனது 1953இல்தான் என்று எண்ண வேண்டாம். 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999 மே மாதம் கிடைத்தபோது, பட்டும் பருத்தியும் கம்பளியும் அடுக்கடுக்காக அவர் உடுத்தியிருந்தது தெரிந்தது. அந்த உடைகளின் படிகளைத் தைத்து 2006இல் எவரெஸ்ட்டில் அணிந்து பார்த்தவர்கள், அவை எடை குறைந்தும் அசைவுக்கு இடம் கொடுத்தும் இருந்ததாகச் சொன்னார்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் பட்டு, அடுக்குகள் ஒன்றையொன்று பற்றி இழுக்காமல் காத்தது. கைக்கென்று இதே முறையை உறுதிப்படுத்தியவர்கள் இரண்டாம் உலகப் போரின் விமானப் படையினர். சூடேற்ற வசதியில்லாத குண்டுவீச்சு விமானங்களில், இருபதாயிரம் அடிக்கு மேலே, துப்பாக்கிக் கூண்டுக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்டு உறையை முதலில் மாட்டி, மேலே கம்பளியோ மின்சாரத்தால் சூடாகும் உறையோ அணிந்து, கடைசியில் தோல் உறையைப் போட்டார்கள். சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்ய மேலுறைகளைக் கழற்றினாலும் பட்டு கையிலேயே இருக்கும். அதே போர்க்காலத்தில் பாராசூட்டுத் துணிக்காக மைசூர்ச் சீமையிலும், அன்று சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலிலும் பட்டு நூற்பு பெருகியது. சேலைக்கு மட்டுமே என்று நாம் நினைத்திருக்கும் இந்த நாரை, உயரத்தையும் குளிரையும் சமாளிக்கும் பொருளாகவும் உலகம் நடத்தியிருக்கிறது.

அடுக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மலையேற்ற வரலாற்றில் கொடிய சான்று ஒன்று உண்டு. 1950 ஜூன் 3ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்களான மொரீஸ் எர்சோக்கும் லூயி லாஷெனாலும் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலையொன்றின் உச்சியில் மனிதர் கால் வைத்தது அதுவே முதல் முறை. இறங்கும் வழியில் எர்சோக் முதுகுப் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றிப் பனியில் வைத்தார். அவை சரிவில் உருண்டு போயின. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஏதாவது நேர்ந்தால் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று பையில் எப்போதும் வைத்திருந்த உபரிக் காலுறைகள் அப்போது அவர் நினைவுக்கே வரவில்லை. கூடாரம் சேர்ந்தபோது அவருடைய விரல்கள் மரத்துக் கட்டையாகியிருந்தன. குழுவின் மருத்துவர் ஊர் திரும்பும் வழியிலேயே விரல்களை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டியதாயிற்று. இந்த விபத்தைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் மூளை மந்தமாகும், கைப்பொருள் தவறும். அதை யாராலும் தடுக்க முடியாது. அந்த ஒரு தவறு வெறுங்கையில் கொண்டுபோய் விடாதபடி அடுக்கு அமைந்திருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். மேலுறை பறிபோனாலும் கீழே ஒன்று மிஞ்சியிருந்தால், அடுத்த ஏற்பாட்டை யோசிக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். துருவப் பயணிகள் தடித்த உறைகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டதும், இன்றைய கையுறைகளில் மணிக்கட்டுக் கயிறு வருவதும் இதே அச்சத்தால் பிறந்தவை.

இத்தனை தொல்லை எதற்கு, தடித்த கையுறை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடை விரலின் வடிவத்திலேயே இருக்கிறது. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காக்க முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. விரலுக்குள் சூடு உண்டாக்கும் தசைகள் இல்லை. அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. விரல் ஒரு மெல்லிய உருளை. அதைச் சுற்றிப் பஞ்சைக் கூட்டக் கூட்டக் காப்பும் கூடுகிறது, சூட்டை வெளியே விடும் புறப்பரப்பும் கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் தடிமன் சேர்ப்பதில் கிடைக்கும் ஆதாயம் அற்பமாகிவிடும். கை மட்டும் எதையும் பிடிக்க முடியாமல் போகும். ஆகவேதான் கடுங்குளிரில் விரல்களைத் தனித்தனியே பிரிக்காமல் ஒரே பைக்குள் சேர்த்து வைக்கும் உறை, அதே தடிமனுள்ள ஐவிரல் கையுறையைவிடச் சூடாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையுறையை மாட்டிக்கொண்டு முடிச்சுப் போட முடியாது. ஏறும்போது உடம்பு கொதித்து உள்ளங்கை வியர்க்கும். பாறையருகே காத்து நின்றால் அந்த வியர்வையே உறைந்து கையைக் கொல்லும். நடை, நிற்றல், முடிச்சு, காற்று என்று அரைமணிக்கு ஒரு தேவை மாறுகிறது. மாறாத தடிமன் கொண்ட ஒரே உறை இவற்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். பட்டின்மேல் விரல் பிரியாத கம்பளிப் பையுறை, அதன்மேல் காற்றுத் தடுப்பு என்று வைத்துக்கொண்டால், முடிச்சுப் போட மேலுறை இரண்டையும் நொடியில் உருவலாம், முடிந்ததும் திரும்ப மாட்டலாம்.

நடு அடுக்கும் வெளி அடுக்கும் தனித்தனியே வளர்ந்த கதை இருக்கிறது. ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் பகுதிப் பெயரால் அழைக்கப்படும் கம்பளி உறைகளை வேண்டுமென்றே பெரிதாகப் பின்னி, வெந்நீரில் சுருக்கிக் கெட்டியாக்குவார்கள். நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும் அந்த உறைகள் எழுபதுகள் வரை மலையேறிகளின் கைகளில் இருந்தன. 1953 குழுவின் மேலாடைத் துணி பருத்திப் பாவும் நைலான் ஊடையுமாக நெருக்கி நெய்யப்பட்டது. வெவ்வேறு நாரைப் பாவிலும் ஊடையிலும் வைத்து இரண்டின் குணத்தையும் வாங்கும் அந்த உபாயம் தேவிகாபுரத்து நெசவாளருக்குப் புதிதல்ல. 1969இல் ராபர்ட் கோர், டெஃப்லானை வேகமாக இழுத்தால் நுண்ணிய துளைகள் நிறைந்த படலமாகும் என்று கண்டார். அதிலிருந்து கோர்டெக்ஸ் வந்தது. நீர்த்துளியைத் தடுத்து வியர்வை ஆவியை விடும் படலம் வெளி அடுக்குக்கு வாய்த்தது. உள்ளங்கையில் மட்டும் ஆட்டுத்தோலை வெல்ல எதுவும் வரவில்லை என்பது என் கணிப்பு. கயிற்றின் உராய்வில் துணி கிழிகிறது, தோல் நிற்கிறது.

வலுவான மறுப்பு ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். மெல்லிய மெரினோவும் பாலியெஸ்டரும் மலிவாகக் கிடைக்கும்போது பட்டுக்கு வாதாடுவது பழமைப் பற்று இல்லையா? மறுப்பில் பாதி உண்மை. பட்டு நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். வெயிலில் நைந்துபோகும். விரல்நுனியில் சீக்கிரம் ஓட்டை விழும். வழுக்குவதால் தனியே மாட்டிக்கொண்டு பனிக்கோடரி பிடிப்பதற்கு ஏற்றதல்ல. நாள் முழுதும் ஈரப்பனியில் கையை வைத்திருப்பவருக்கு மெரினோவே மேல். ஆனால் இவை அனைத்தும் முதல் அடுக்குக்கு எந்த நார் என்ற வாதங்கள். முதல் அடுக்கு வேண்டுமா என்ற கேள்வியை அவை தொடவில்லை. மெரினோவை ஆதரிப்பவரும் ஒரு மெல்லிய உள்ளுறையைத்தான் ஆதரிக்கிறார். உலர்ந்த கடுங்குளிரில், மேலே ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் உறைக்குள் செருகுவதற்குப் பட்டின் மெலிவுக்கு இன்றும் ஈடு குறைவு. கையுறைக்குள் இடம் இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு அடுக்கின் பயனே கெட்டுவிடும். எனவே மூன்றையும் சேர்த்து மாட்டி, முட்டி மடக்கிப் பார்த்தபிறகுதான் வெளியுறையின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு மறுப்பு பனிச்சறுக்குக்காரர்களிடமிருந்து வருகிறது. குல்மார்க்கிலும் அவுலியிலும் சறுக்குகிறவருக்குக் கையில் குச்சியைப் பிடிப்பதைத் தவிர வேலை குறைவு. குளிர்ந்தால் சற்று நேரத்தில் கூரைக்குள் போய்விடலாம். அவருக்குப் பஞ்சு வைத்த நல்ல கையுறை ஒன்று போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரும்பி ஓட இடம் அருகில் இருக்கும்வரை ஒற்றை உறை போதும். பல நாள் நடையில், கூடாரத்தில், உறைந்த ஆற்றின்மேல் அந்த இடம் இல்லை. அங்கே நனைந்த உறையை இரவில் மார்போடு வைத்துக் காயவைத்தாக வேண்டும். மெல்லிய அடுக்குகள் காயும், படலத்தோடும் பஞ்சோடும் சேர்த்துத் தைத்த தடித்த கையுறை விடிந்தாலும் காயாது. விலையிலும் இதே கணக்கு நிற்கிறது. உள்ளுறை கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

கடைசியாக, இதையெல்லாம் தேவிகாபுரத்தோடு சேர்த்துப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம். சேலைத் தறியில் கையுறை நெய்ய முடியாது. பாவும் ஊடையும் குறுக்கே நெய்த துணி, விரல் மடங்கும்போது விரியாது. கையுறைக்கு வளைந்து கொடுக்கும் பின்னல் துணி வேண்டும். அதற்கு நெடிய இழைப் பட்டும் கட்டாயமல்ல. கூட்டிலிருந்து இழை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப் பட்டைச் சீவி நூற்றால் கிடைக்கும் நூல் சற்றுப் பஞ்சுத்தன்மையோடு, இன்னும் சூடாக இருக்கும். சன்னபட்டணாவில் அதற்கென்றே ஆலை இயங்கியிருக்கிறது. பின்னல் திருப்பூருக்குக் கைவந்த தொழில். வெளி அடுக்குக்கான ஆட்டுத்தோலைப் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் தேவிகாபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அந்தத் தொழிலுக்கு அறிவு கொடுக்க 1948இலேயே சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பட்டு நூலையும் சாயத்தையும் கண்ணால் பார்த்தே தரம் சொல்லும் ஆட்கள் ஆரணி வட்டாரத்தில் இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும், 1984 ஏப்ரல் 13ஆம் தேதி சியாச்சினில் இந்திய வீரர்கள் இறங்கியபோது, அவர்களுக்கான குளிர் உடைகள் அதற்கு முந்தைய மாலையில்தான் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தன. பனி இல்லாத மாநிலத்தில் பனிக் கையுறைக்கு யார் கவலைப்படுவது என்று இந்த இடைவெளியை விளக்கிவிடலாம். ஆனால் தேவிகாபுரத்துச் சேலையை உடுத்துகிறவர்களில் பெரும்பாலோரும் தேவிகாபுரத்தில் இல்லை. தொழில் எப்போதும் வேறு ஊரின் தேவைக்காகத்தான் நடந்திருக்கிறது. இமயத்தின் தேவை ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருக்கிறது.