மனு எழுதியவரும் வழக்கறிஞரும்

சட்டத் துணை வழங்கும் தொழில் எவருக்கு உரியது? இவ்வினா நம் நாட்டில் எழுத்தறியாத் தொழிலாளரின் வாழ்வோடு பிணைந்தது.

1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர் ஈயம் தேடி அம்பாங் சென்றனர். பின்னாளில் ரப்பர் பெருகவே, தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் குடியேறினர். பால் மரம் சீவியோருள் கைநாட்டு வைத்தோர் பலர். சம்பளத் தகராறாயினும் பிறப்புப் பத்திரமாயினும் அவர்கள் நாடியது தோட்டத்துக் கிராணியாரையோ பட்டணத்து மனு எழுதுவோரையோதான். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஒரு விண்ணப்பத்தாள் ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடிவு செய்தது. எழுதித் தந்தவர் பிழை செய்தால், இழப்பு முழுவதும் எழுதச் சொன்ன ஏழைக்கே.

1947ஆம் ஆண்டுச் சட்டம் மலாயாவில் வழக்கறிஞர் மன்றத்துக்கு வழிவகுத்தது. அதற்கு மாற்றாக வந்த 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம், 1977 ஜூன் முதல் நாள் தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது. தகுதி, நன்னடத்தை, ஒன்பது மாதப் பயிற்சி ஆகியவற்றை அது வரையறுத்தது. உரிமம் பெறாதார் ஊதியம் கருதி வழக்கு ஆவணமோ நிலப் பத்திரமோ வரைதல் குற்றமென்றது; ஊதியம் கருதாமல் செய்ததை மெய்ப்பிப்பவருக்கு விலக்கும் அளித்தது. நெறி தவறும் வழக்கறிஞரை விசாரிக்கவும், அவர்தம் நேர்மையின்மையால் பணம் இழந்தோர்க்கு ஈடு வழங்கவும் வகை செய்தது. பொறுப்பேற்பார் இல்லாத இடத்தில் பொறுப்பை நிறுவியதே இச்சட்டத்தின் சிறப்பு.

ஆயினும், வேலி பயிரைக் காக்க வேண்டுமேயன்றி உழவனையே வெளியே நிறுத்திவிடலாகாது. கட்டணம் செலுத்த இயலாதார்க்கு நீதி எட்டாக்கனியாகலாம் அன்றோ? இக்குறையை நீக்கும் வாயில்கள் சிலவும் திறந்தே உள்ளன. 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் வறியோர்க்கு அரசின் துணையை உறுதி செய்தது. சம்பள வழக்கைத் தொழிலாளரே தொழிலாளர் அலுவலகத்தில் தொடுக்கலாம். தொழில் நீதிமன்றத்தில் தொழிற்சங்கப் பொறுப்பாளர் உறுப்பினருக்காக வாதிடலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், பொதுவாக வழக்கறிஞரின்றியே முறையிடலாம்.

இவ்வாயில்களை அறியாதார்க்கு அவை மூடிய கதவுகளே. கைநாட்டுக் காலம் மறைந்தது. படித்துப் பாராமல் கையொப்பமிடும் வழக்கம் மறையவில்லை. ஆவணத்தைப் படித்தறியும் ஆற்றலையும், துணைக்கு வருவோரின் தகுதியைக் கேட்கும் துணிவையும் மாணவர்க்கு ஊட்டுதல் தமிழாசிரியரின் கடமையாகும்.